செல்லிக்கு ஒரு நல்ல வார்த்தை

ஜூன் 9

சம்பந்தி அம்மாவுக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பீர்கள். எல்லாரும் நலம். உங்கள் மகளுக்கு இருமல் விட்டுவிட்டது. ஏழு வருடமாக நாம் இரண்டு பேரும் பிள்ளைகள் வாயிலாகத்தான் "சௌக்கியமான்னு கேட்டாங்க", "கேட்டதாச் சொல்லு" என்று பேசிக்கொள்கிறோம். இப்போதும் போன் போட்டிருக்கலாம். போட்டால் என் குரல் தானாக உயரும், உங்கள் குரல் தானாக இறங்கும். உங்கள் குரல் இறங்கினால் எனக்கு இன்னும் கோபம் வரும். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நம் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் 'ஸ்மெல்லி செல்லி' என்று கூப்பிடுகிறார்கள்.

எழுதிவிட்டேன். நீங்கள் இப்போது என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நினைத்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

பள்ளி திறந்ததிலிருந்து இது நடக்கிறது. பள்ளி விட்டதும் நேராக என் தையல் மிஷின் பக்கத்தில் வந்து நிற்கிறாள். கையைத் தூக்கிக்கொண்டு, "பாட்டி, மோந்து பாரு" என்கிறாள்.

"சோப்பு வாசனைதாண்டி வருது."

"நல்லா மோந்து பாரு."

காலையில் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை குளிக்கிறாள். போன சனிக்கிழமை ஜிப் மாற்றக் கொடுக்க வந்த ஒரு அம்மா, "பாப்பா, உன் பேரென்ன?" என்று கேட்டாள். இவள் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே, "பேர் இல்ல" என்றாள். என் கையில் இருந்த ஊசி அப்படியே நின்றுவிட்டது.

இந்தக் கேலியை ஆரம்பித்தவள் மின்னி என்று ஒரு பெண். போன வருடம் வரைக்கும் இவளோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவள்.

உங்கள் மகள் பள்ளி ஆபீசில் பெயர் மாற்றும் படிவம் வாங்கி வந்துவிட்டாள். முப்பதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டுமாம், தவறினால் அடுத்த வருடம்தான். என் மகனும் கையெழுத்துப் போட்டாயிற்று. புதுப் பெயர் எழுதும் கட்டம் ஒன்றுதான் பாக்கி. அந்தப் படிவத்தை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள். நான் தலை வாரும்போதெல்லாம் என் முகமும் அதுவும் சேர்ந்து தெரிகின்றன.

நான் சும்மா இருக்கவில்லை. ஐந்தாவதுதான் படித்தேன் என்றாலும் தமிழில் என் வகுப்பில் நான்தான் முதல். இரண்டாம் எழுத்து ஒன்றாக வந்தால் எதுகை என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. என் மகன் பள்ளியில் வைத்திருந்த அகராதியில் இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழ் எழுத்திலும் போட்டிருக்கிறார்கள். அதில் 'ல்' இரண்டாவதாக வருகிறதையெல்லாம் பொறுக்கி எழுதினேன். சில்க், மில்க், பெல்ட், ஹெல்ப், பல்ப். ஆல்பம் என்று ஒன்று கிடைத்தது, முதலெழுத்து நெடில் என்பதால் தள்ளிவிட்டேன். கணக்கு சுத்தமாக நாற்பத்துமூன்று. அதை வைத்து 'சில்க் போல செல்லி, மில்க் போல செல்லி' என்று ஒரு பாட்டும் கட்டிக் கொடுத்தேன். இவளும் போய்ப் பாடியிருக்கிறாள். அந்த மின்னி யோசிக்கவே இல்லையாம். "மில்க் கெட்டுப்போனா ஸ்மெல்லி" என்றாளாம். வகுப்பே சிரித்ததாம்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் முப்பது வருடமாக இங்கிலீஷில் டைப் அடிக்கிறவர். அந்தப் பெயருக்கு ஒத்து வருகிற நல்ல வார்த்தைகள் ஐந்தே ஐந்து முப்பதாம் தேதிக்குள் கண்டுபிடித்துக் கொடுங்கள். நல்ல வார்த்தை இருந்தால் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்ளும், பெயரும் தப்பிக்கும்.

இதைக் கேட்பது எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுத மாட்டேன்.

உங்கள் மாப்பிள்ளையின் தாய்


ஜூன் 14

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. நீங்கள் சொன்னபடியே நினைத்து முடித்துவிட்டுத்தான் மேலே படித்தேன். நீங்கள் எதிர்பார்த்ததைத்தான் நினைத்தேன், மறைக்கவில்லை. அப்புறம் 'மோந்து பாரு' என்ற இடம் வந்தது. அன்றைக்கு அதற்குமேல் நான் டைப் அடித்ததெல்லாம் பிழை.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் நாற்பத்துமூன்றும் தமிழுக்குச் சரி, இங்கிலீஷுக்கு ஆகாது. நாம் வார்த்தையின் தலையில் ஒற்றுமை பார்ப்போம், அவர்கள் வாலில் பார்ப்பார்கள். முன்னால் எது வந்தாலும் கவலையில்லை, முடிகிற ஓசை ஒன்றாக இருக்க வேண்டும். 'ஸ்மெல்லி'யும் 'செல்லி'யும் ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க வியாதி. அதிலே தேடினால் நம் பெண்ணுக்கு ஆகாது. அதனால் மதியம் சாப்பிட்டதும் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுக்கிற தம்பி எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, யாருக்கு என்ன வந்துருச்சு? இப்படிப் புரட்டறீங்க?"

"செல்லின்னு முடியற மாதிரி நல்ல வார்த்தை ஒண்ணு சொல்லு."

"பெல்லி."

"தொப்பை. அடுத்தது."

"ஜெல்லி. டெலி, டிவிய அப்படித்தான் செல்லமாச் சொல்லுவாங்க. வெல்லி."

"அதென்ன வெல்லி?"

"மழைக்குப் போடற ரப்பர் பூட்ஸு."

"கால்ல போடறதையா பிள்ளை பேரோட சேர்க்கச் சொல்ற?"

"நாத்தத்துக்கு பூட்ஸ் பரவாயில்லக்கா."

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். உங்கள் கடிதம் மேஜை மேல் இருந்தது. இனி மடித்து வைக்கிறேன்.

இன்னும் இரண்டு கிடைத்தன. 'டெலி' என்றே வேறு இங்கிலீஷ் எழுத்துகளில் இன்னொன்று, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் விற்கிற கடை. 'ஷெல்லி' என்றால் சிப்பிகள் நிறைந்தது, கடற்கரை மணலைச் சொல்வார்களாம். எனக்கு இதுதான் பிடித்தது. நீங்கள் கேட்ட ஐந்தும் ஆயிற்று.

ஆனால் சம்பந்தி, ஐம்பது வார்த்தை கொடுத்தாலும் அந்த ஒன்றின் முன்னால் நிற்காது. பிள்ளைகள் நல்லதைப் பிடித்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்த்ததில்லை. இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. என் மகள் செய்வதுதான் சரி. பெயரை மாற்றிவிடுங்கள். அன்றைக்கே கேட்டிருந்தால்... சரி, அதை விடுங்கள்.

உங்கள் மருமகளின் தாய்


ஜூன் 18

சம்பந்தி அம்மாவுக்கு,

ஐந்து வார்த்தைக்கும் நன்றி. சிப்பியைத்தான் முதலில் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை காலையில் போனது, மதியமே செத்தது. "சிப்பியும் ஸ்மெல்லிதான், மீன் கடைக்குப் போனதே இல்லையா?" என்றாளாம் மின்னி. அந்தப் பெண்ணுக்கு அறிவு இல்லை என்று சொல்ல முடியாது. பூட்ஸை நான் சொல்லவே இல்லை. பூட்ஸுக்கு அவள் என்ன சொல்வாள் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

மாற்றிவிடுங்கள் என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கிற மாதிரி. நான் தினமும் பத்துக் கால்சட்டை குறைக்கிறேன். மடித்து அடித்தால் பிறகு பிரிக்கலாம். வெட்டிவிட்டால் துணி திரும்பி வராது.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டதே இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வார்டில் குமாஸ்தா படிவத்தோடு வந்து நின்றதும், நான் "செல்லி" என்றதும், நீங்கள் இறங்கிய குரலில் "இங்கிலீஷ்ல நாத்தம்னு பாடுவாங்க" என்று சொன்னதும்தான் தெரியும். நான் என்ன கேட்டேன்? "எங்க வீட்டுப் பேர் நாறுதா?" என்று கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் தன் குழந்தையை அணைத்துக்கொண்டாள், அவ்வளவு சத்தம்.

அது எங்கள் வீட்டுப் பெயர் இல்லை. என் பெயர். பள்ளிப் பதிவேட்டில் இருந்த பெயர் வேறு. என் அம்மா என்னைக் கூப்பிட்டது செல்லி. அண்ணன்கள் கூப்பிட்டார்கள், அப்புறம் என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவர் போன பிறகு இந்த உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை. அம்மா, அத்தை, பாட்டி, தையல்காரம்மா என்று ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகக் கூப்பிடுகிறார்கள். அந்தச் சத்தம் மட்டும் இல்லை. அது வீட்டுக்குள் ஒரு மூலையில் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன். வேறொருத்தியைக் கூப்பிட்டால்கூடப் போதும்.

இதை நான் என் மகனிடம்கூடச் சொன்னதில்லை. பெரிய மனுஷி பேருக்கு ஆசைப்பட்டாள் என்று சிரிப்பான்.

நாள் ஓடுகிறது. படிவம் அங்கேயே இருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளையின் தாய்


ஜூன் 21

சம்பந்தி அவர்களுக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். டைப் அடித்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். ஆனால் ஆபீஸ் தாளில் எழுதுகிற விஷயம் இல்லை இது.

அது உங்கள் பெயர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வார்டில் வாயைத் திறந்திருக்க மாட்டேன். திறந்திருந்தாலும் அப்படித் திறந்திருக்க மாட்டேன்.

ஏன் சொன்னேன் என்று நீங்களும் கேட்டதில்லை. நான் டைப் அறையில் சேர்ந்தபோது பத்தொன்பது வயது. என் பெயரின் வாலுக்கு ஒத்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைச் சூப்பர்வைசர் கண்டுபிடித்தார். நல்ல வார்த்தை இல்லை. பதினோரு வருடம் அந்த அறையில் அதுதான் என் பெயர். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோதுகூட அதைச் சொல்லித்தான் வாழ்த்தினார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். சிரிக்காவிட்டால் இன்னும் கூப்பிடுவார்கள் என்று பயம். அதனால் எந்தப் பெயரைக் கேட்டாலும் என் காது முதலில் அதன் வாலுக்குத்தான் போகும். என் பேத்தியின் பெயரைக் கேட்டதும் அப்படித்தான் போயிற்று. உங்கள் வீட்டைக் குறை சொல்லச் சொன்னதில்லை. பயந்து சொன்னது. ஆனால் அந்தப் பயம் எகத்தாளம் மாதிரி வெளியே வந்துவிட்டது.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். வருத்தப்படாதீர்கள். பெயரையும் வார்த்தையையும் இப்படிச் சேர்த்துக் கேலி செய்கிற வித்தை ஏழு வயதுப் பிள்ளைகளுக்குள் எப்படிப் போயிற்று? அந்த வார்டில் அன்றைக்கு நம் இரண்டு வீட்டிலும் சேர்த்து நாம் நான்கு பேர்தான் இருந்தோம். நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. என் மகள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாளோ? அவளைக் கேட்டால் அழுவாள். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். தெரிந்து என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுங்கள்.

உங்கள் மருமகளின் தாய்


ஜூன் 24

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் மகள் இல்லை. நான்தான்.

செல்லிக்கு நாலு வயது ஆனதிலிருந்து நான் அந்தக் கதையைச் சொல்லிவருகிறேன். "டைப் பாட்டி ஏன் நம்ம வீட்டுக்கு வந்து தங்கறதில்ல?" என்று கேட்பாள். நான் மிஷினை மிதித்துக்கொண்டே, "உன் பேரைக் கேட்டு அந்தப் பாட்டி என்ன சொன்னா தெரியுமா?" என்று ஆரம்பிப்பேன். உங்களைப் போலவே குரலை இறக்கிக் காட்டுவேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இன்னொரு தரம் சொல்லு என்பாள். நானும் சொல்வேன். நீங்கள் சொன்ன அன்றோடு மறந்தும் போயிருப்பீர்கள். அதைத் தினம் தண்ணீர் ஊற்றி வளர்த்தது நான். எனக்கு நியாயம் கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லை, பிள்ளையிடம் கேட்டேன்.

இந்த இடம் வரைக்கும் நேற்று மத்தியானம் எழுதினேன். செல்லி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"யாருக்குப் பாட்டி எழுதற?"

"டைப் பாட்டிக்கு."

"என்னன்னு?"

"தப்பு என் மேலதான்னு."

"பெரியவங்க அப்படியெல்லாம் எழுதுவாங்களா?"

"ஏழு வருஷமா கை வரல. இப்பதான் வந்துது."

நூல்கண்டை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நானும் ஒண்ணு சொல்லவா? அம்மாகிட்டச் சொல்லக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"முதல்ல நான்தான் சொன்னேன் பாட்டி. ஸ்கின்னி மின்னின்னு."

"அப்படீன்னா?"

"ஒல்லின்னு அர்த்தம். எலும்பா இருக்கறவங்களைச் சொல்றது. நீ சொல்ற கதையில டைப் பாட்டி செஞ்ச மாதிரி யார் பேருக்காவது வருதான்னு பார்த்தேன். அவ பேருக்குச் சட்டுன்னு வந்துருச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

"அவ?"

"அவளும் சிரிச்சா. அப்புறம் டாய்லெட்டுக்குப் போய் அழுதா. நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துட்டேன்."

"அப்புறம்தான் உன்னைச் சொன்னாளா?"

"ரெண்டு நாள் கழிச்சு. அவளாவே கண்டுபிடிச்சா. அவளுக்கு இங்கிலீஷ் நல்லா வரும்."

மின்னியைப் பற்றி இத்தனை நாள் என் மனதில் வைத்திருந்ததெல்லாம் கனமாகிவிட்டது. "உனக்குப் பேரை மாத்தணுமாடி?" என்று கேட்டேன். இதுவரைக்கும் இந்த வீட்டில் யாரும் அவளை அதைக் கேட்கவில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"மாத்தினா புதுப் பேருக்கும் கண்டுபிடிப்பா பாட்டி. அவ கோவமா இருக்கா இல்ல?" என்றாள். என்னவோ எனக்கு விளங்காத கணக்கைச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. அப்புறம் இந்தத் தாளைத் தொட்டு, "டைப் பாட்டிகிட்ட எனக்கு ஒண்ணும் வேணாம்னு எழுது. மின்னிக்கு ஒத்து வர மாதிரி நல்லதா ஒண்ணு கேளு. நல்லதா இருக்கணும்" என்றாள்.

கேட்டுவிட்டேன்.

பெயரை மாற்றுவதென்றால் மாற்றட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று இன்று காலை உங்கள் மகளிடம் சொன்னேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன்.

செல்லியின் பாட்டி


ஜூன் 27

சம்பந்தி,

மன்னிப்பை இரண்டாக வகுத்துக்கொள்வோம். பாதிக்குமேல் எனக்கு வேண்டும்.

எங்கள் ஆபீஸே ஒரு நாள் உங்கள் பேத்திக்கு வேலை செய்தது. எக்ஸ்ரே தம்பி வந்து, "அந்தப் பொண்ணுக்கு பூட்ஸ் பிடிச்சுதாக்கா?" என்றார். "வேலை மாறிப்போச்சு, இப்ப எதிராளிக்கு வார்த்தை தேடறோம்" என்றேன். "சண்டைக்கா?" "சமாதானத்துக்கு." "அது ரொம்பக் கஷ்டம்க்கா, நாளாகும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கஷ்டமாகத்தான் இருந்தது. 'டின்னி' என்றால் தகரச் சத்தம். 'நின்னி' என்றால் மண்டு. 'வின்னி' என்றால் குதிரை மெதுவாகக் கனைப்பது, அது சுமாராக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் குதிரையா என்று கேட்பாள். சாயங்காலம் மூடப் போகும்போது அகராதியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒன்று கிடைத்தது. 'ஸ்பின்னி'. சின்னச் சின்ன மரங்கள் சேர்ந்த தோப்பு, பறவைகள் தங்குவதற்கு விட்டு வைக்கிற தோப்பு என்று போட்டிருந்தது. எனக்கு முப்பது வருட இங்கிலீஷில் இந்த வார்த்தை ஒரு தடவைகூட வந்ததில்லை. தோப்பு இருக்கிற யாரும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை போல.

தனித் தாளில் இங்கிலீஷில், அர்த்தத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். செல்லியிடம் கொடுங்கள்.

படிவத்தைப் பற்றி என் மகளிடம் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரு பெயரைப் பற்றி நான் ஒரு தடவை சொன்னது போதும்.

டைப் அறையில் என்னைக் கூப்பிட்ட வார்த்தையை இதன் கீழே எழுதி, அதன் மேல் கோடு போட்டு அடித்திருக்கிறேன். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும் என்று தோன்றியது.

டைப் பாட்டி


ஜூலை 1

சம்பந்தி,

வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. நீங்கள் அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். நேரில் வரும்போது சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். மிஷின் அறையில் ஒரு கட்டில் போடுகிற இடம் இருக்கிறது. நேற்று அளந்து பார்த்தேன்.

செல்லி உங்கள் தாளைக் கொடுக்கவில்லை. தானே பார்த்து எழுதினாள், கீழே ஒரு மரமும் போட்டாள். நேற்று காலை மணி அடிப்பதற்கு முன் மின்னியின் பெஞ்சில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டாளாம். பள்ளி விடும் வரைக்கும் மின்னி இவள் பக்கம் திரும்பவே இல்லையாம். இவள் சாயங்காலம் வந்து மிஷின் பக்கத்தில் நின்றாள். மோந்து பார்க்கச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள்.

"திருப்பிக் கொடுத்துட்டா பாட்டி."

"ஏண்டி?"

"தப்பா எழுதியிருக்கேனாம். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல 'ஈ' போட விட்டுட்டேனாம். இங்க பாரு, அவளே பென்சிலால போட்டுக் கொடுத்திருக்கா. நாளைக்கு நல்லா எழுதிக் கொண்டு வரணுமாம்."

"கோவமாச் சொன்னாளா?"

"டீச்சர் மாதிரி சொன்னா" என்று சொல்லிவிட்டு, பென்சிலைச் சீவ உட்கார்ந்தாள். இன்று திருத்தி எழுதின தாளைக் கொண்டு போயிருக்கிறாள். என்ன ஆயிற்றோ தெரியாது. மணி மூன்றரைதான் ஆகிறது.

இந்தத் தாளைத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். அச்சடித்த கோடுகளும், உங்கள் மகளின் அழகான கையெழுத்தும், என் மகனின் கோணல் கையெழுத்தும், நடுவில் ஒன்றும் எழுதாத ஒரு கட்டமும் தெரியும். நேற்றோடு தேதி போய்விட்டது. இன்று உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது வீட்டில் வெள்ளைத் தாள் தீர்ந்துபோயிருந்தது. "ஏம்மா, ஒரு தாள் இருக்கா?" என்று குரல் கொடுத்தேன். உங்கள் மகள் அலமாரிக் கண்ணாடியிலிருந்து இதை உருவி, பின்பக்கம் மேலே வரும்படி என் முன்னால் வைத்து, "இதுல எழுதுங்கத்த" என்றாள்.

செல்லி